கெல்ப் இலையின் வழவழப்பு: கழுவ வேண்டிய அழுக்கா, அதன் தோலா?

வடகடல்வாசி | ஞாயிறு, மாலை 6:10

வணக்கம். நாங்கள் நோர்வேயில், பேர்கனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். போன கிழமை காற்று பலமாக அடித்து ஓய்ந்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கரை முழுக்க கெல்ப் என்னும் பெரிய கடற்பாசி ஒதுங்கிக் கிடந்தது. இங்கே அதை ஸ்டூர்தாரெ என்பார்கள். ஆள் உயரத்துக்குத் தண்டு, அதன் தலையில் விரல் விரலாகக் கிழிந்த பெரிய இலை.

மே மாதம் என்பதால் பலவற்றில் இரண்டு இலைகள் இருந்தன. தண்டை ஒட்டித் தேன் நிறத்தில் புது இலை. அதன் நுனி கழுத்துப் போல ஒடுங்கி, அதற்கு அப்பால் போன வருடத்து இலை. அது கருத்து, தடித்து, அங்கங்கே வெள்ளை வலை போல ஏதோ படர்ந்து கிடந்தது. புது இலையைத் தடவினால் கண்ணாடி போல வழுக்கியது. பழையதும் வழவழப்புத்தான், ஆனால் அது வேறு விதம், விரலோடு வந்தது. மகள் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, “அப்பா, இது அழுகுதா, இல்லை இதில யாரும் குடியிருக்கினமா?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து தேடியதில், கெல்ப்பின் மேல் பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன என்பது மட்டும் விளங்கியது. அவை கெல்ப்புக்கு நல்லதா கெட்டதா என்பது விளங்கவில்லை. கடல் நுண்ணுயிர் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய மாதிரி யாராவது விளக்குவீர்களா?

குமிழி | ஞாயிறு, இரவு 8:32

நான் இறால் குஞ்சு பொரிப்பகங்களில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன். என் அனுபவத்தில் கடல் பாக்டீரியா என்றாலே முதலில் நினைவுக்கு வருவது விப்ரியோ. ராத்திரி நன்றாக இருந்த தொட்டி காலையில் செத்துக் கிடக்கும். அதனால் தொட்டி, குழாய், வலை என்று எல்லாவற்றையும் கழுவிக் காயவைப்பதுதான் எங்கள் வேதம்.

கெல்ப்பிலும் இதே கதைதான் என்று படித்திருக்கிறேன். ஜப்பானில் கொம்பு என்று சூப்புக்குப் போடும் கெல்ப்பை வளர்க்கிறார்கள். அதன் நாற்றுக் கயிறுகளில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி விழுந்து நாற்று வீணாகும் நோய் ஒன்று உண்டு. 1998இல் அதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள், சூடோஆல்டெரோமோனாஸ் பாக்டீரியோலைட்டிகா. சீனத்து நாற்றுக் கூடங்களிலும் ஆல்ஜினேட்டைத் தின்னும் பாக்டீரியா பெருகினால் இளம் நாற்றுகள் கயிற்றை விட்டு உதிர்ந்துவிடும். ஆல்ஜினேட் என்றால் கெல்ப்பின் உடம்பை வளையவும் நிமிரவும் வைக்கும் பசை. பல் மருத்துவர் அச்சு எடுக்க வாயில் வைக்கிறாரே, அதில் இருப்பதும் அதுதான்.

ஆக, பாப்பாவுக்கு என் பதில்: குடியிருக்கிறார்கள், ஆனால் வீட்டைத் தின்றுகொண்டே குடியிருக்கிறார்கள்.

பாசிக்காரி | திங்கள், காலை 5:15

வடகடல்வாசி அண்ணா, உங்கள் மகள் கேட்ட கேள்வியில்தான் நான் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். சிட்னியில் இருக்கிறேன், கடற்பாசிகளின் மேல் வாழும் பாக்டீரியாதான் என் ஆய்வு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் நிற்கும் கரையைப் பற்றியே சொல்கிறேன். ஸ்டூர்தாரெயின் மேல் வாழும் பாக்டீரியாக்களை உலகத்திலேயே கவனமாக எண்ணிப் பார்த்த இடங்களில் ஒன்று பேர்கன். மியா பெங்க்ட்சனும் லீஸ் ஓவ்ரெயோஸும் அங்கே ஒரு வருடச் சுற்று முழுக்க இலைகளைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் எண்ணினார்கள். புது இலை வந்த புதிதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் பாக்டீரியா கூட இல்லை. இலை முதிர முதிர அது ஒரு கோடி வரை போயிருக்கிறது. உங்கள் விரல் இரண்டு இலைகளிலும் உணர்ந்த வித்தியாசத்தில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

புது இலையின் வழுக்கல் பெரும்பாலும் கெல்ப் தானே சுரக்கும் சளி. பழைய இலையில் அதோடு பாக்டீரியாக்களும், அவை தங்களைச் சுற்றி நெய்துகொண்ட பிசினும், நுண்பாசிகளும் சேர்ந்து ஒரு படலமாகிவிடுகின்றன. நாங்கள் உயிர்ப்படலம் என்போம். வெள்ளை வலை போல இருந்தது பாக்டீரியா இல்லை. அது பிரையோசோவா என்னும் சிறு விலங்குகளின் குடியிருப்பாக இருக்கும். ஒவ்வொரு கண்ணியும் ஒரு விலங்கின் வீடு. மகளிடம் லென்ஸ் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் படலத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. செப்டம்பரில் எண்ணியபோது ஏறத்தாழ பாதி, பிப்ரவரியில் கால்பங்கு, பிளாங்க்டோமைசீட்ஸ் என்னும் ஒரு வகை. பெரும்பாலான பாக்டீரியாக்கள் நடுவில் பிளந்து இரண்டாகும். இவற்றில் பல, ஈஸ்ட் போல மொட்டு விட்டுப் பெருகும். மெதுவாக வளரும். மெதுவாக வளரும் ஒன்று எப்படி அங்கே பாதி இடத்தைப் பிடித்தது? கெல்ப்பின் சளியில் ஃபியூகாய்டன் என்ற சர்க்கரைத் தொடர் இருக்கிறது. அதில் கந்தகக் கொக்கிகள் நிறைய. அதைக் கழற்றாமல் சர்க்கரையைத் தொட முடியாது. கழற்றும் நொதிகளின் மரபணுக்கள் பிளாங்க்டோமைசீட்ஸிடம் ஏராளம். அப்புறம், ஃபியூகாய்டனைச் செரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வேறொரு குழுவைச் சேர்ந்த லென்டிமோனாஸ் என்னும் பாக்டீரியாவை ஜெர்மனியில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். இந்த ஒரு உணவுக்காகவே அது நூற்றுக்கணக்கான நொதிகளை வைத்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, கெல்ப் வேண்டுமென்றே கஷ்டமான சாப்பாட்டை வாசலில் வைக்கிறது என்று. லேசான சர்க்கரையை வைத்தால் வேகமாகப் பெருகும் முரடர்கள் வருவார்கள். இது என் யூகம்தான், நிரூபித்த விஷயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குமிழி சார் சொன்ன நோய்கள் எல்லாம் உண்மை. ஆனால் அவை நாற்றுக் கயிறுகளில், நெருக்கமாக, தொட்டிக்குள் நடந்தவை. கடலில் கெல்ப் சும்மா நின்று தின்னக் கொடுப்பதில்லை. அது எப்படித் தன் தோலைக் காக்கிறது என்று சாயங்காலம் எழுதுகிறேன். வேலைக்கு நேரமாகிவிட்டது.

புதியவன் | திங்கள், காலை 9:02

அக்கா, ஒரு சந்தேகம். கெல்ப் தாவரம்தானே? தாவரத்துக்கு வேரில் நுண்ணுயிர் உதவுவது மாதிரி இதற்கும் வேரில் இருக்கிறதா?

பாசிக்காரி | திங்கள், மாலை 3:40

தம்பி, கெல்ப் தாவரம் இல்லை. பழுப்புப் பாசி. உயிர்களின் குடும்ப மரத்தில் அது நெல்லுக்கும் தென்னைக்கும் வெகு தூரம், டயாட்டம் என்னும் கண்ணாடிக் கூட்டு நுண்பாசிகளுக்குக் கிட்டத்துச் சொந்தம். அதற்கு வேரும் கிடையாது. அடியில் வேர் மாதிரி தெரிவது பாறையைப் பிடித்துக்கொள்ளும் பற்று மட்டும், சத்தை உறிஞ்சுவது முழு உடம்பும். அதனால்தான் தோல் அவ்வளவு முக்கியம். நெல்லுக்கு வேர் செய்யும் வேலையை இதற்கு மேற்பரப்பு செய்கிறது, அந்த மேற்பரப்பு முழுக்கப் பாக்டீரியா.

இனி, தோலைக் காப்பது பற்றி.

ஒன்று, வளரும் விதம். கெல்ப் இலை நுனியில் வளர்வதில்லை. தண்டும் இலையும் சேரும் இடத்தில் வளர்ந்து, பழைய பகுதியை மேலே தள்ளிக்கொண்டே போகும். ஒரே இலையில் அடிப்பகுதி குழந்தை, நுனி கிழவி. நுனி அரித்து உதிரும்போது அதன் மேல் ஏறிய கூட்டமும் சேர்ந்தே போய்விடும். ஸ்டூர்தாரெ இன்னும் ஒரு படி மேலே போய், வசந்தத்தில் பழைய இலையை மொத்தமாகக் கழற்றிப் போடுகிறது. நீங்கள் கரையில் பார்த்தது அந்தச் சட்டை கழற்றல்தான் அண்ணா.

இன்னொன்று, எச்சரிக்கை மணி. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஒரு பாக்டீரியா கெல்ப்பின் ஆல்ஜினேட்டைக் கடித்தால் சிறு சிறு துண்டுகள் உதிரும். கெல்ப் அந்தத் துண்டுகளை அடையாளம் கண்டுகொள்கிறது. தன் வீட்டுச் சுவரின் செங்கல் தெருவில் கிடப்பதைப் பார்த்துத் திருடன் வந்துவிட்டான் என்று தெரிந்துகொள்வது போல. பிரான்ஸின் ரொஸ்கோஃப் கடல் ஆய்வு நிலையத்தில் ஃப்ரித்யோஃப் க்யூப்பரும் மற்றவர்களும் 2001இல் காட்டினார்கள்: லாமினேரியா டிஜிட்டேட்டா என்னும் கெல்ப் இந்தத் துண்டுகளை உணர்ந்த சில நிமிடங்களிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடைப் பீய்ச்சுகிறது. புண் கழுவ மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அதே சரக்கு. அப்படி மணி அடிக்க வைத்த கெல்ப்பின் மேல் பாக்டீரியா குறைந்ததையும் அடுத்து வந்த சோதனையில் பார்த்தார்கள்.

அயோடினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே கெல்ப் கடல்நீரில் இருப்பதைப்போல முப்பதாயிரம் மடங்கு வரை அயோடினைச் சேர்த்து வைக்கிறது. 1811இல் பெர்னார் கூர்துவா அயோடினைக் கண்டுபிடித்ததே கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான். குமிழி சார், நீங்கள் பொரிப்பகத்தில் அயோடின் கரைசல் வைத்துக் கழுவியிருப்பீர்கள். கெல்ப்பும் அதே பாட்டிலைக் கையில் வைத்திருக்கிறது. ஆனாலும் முழுக்கக் கழுவிவிடுவதில்லை. யாரையோ இருக்க விடுகிறது.

குமிழி | திங்கள், இரவு 9:20

மேடம், அயோடின் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. இவ்வளவு தூரம் யோசித்துப் பார்த்ததில்லை. ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. இருக்க விடுகிறது என்றால் முழுதாக விரட்ட முடியவில்லை என்றும் அர்த்தமாகலாமே? வீட்டில் எறும்பு இருக்கிறது என்பதற்காக எறும்பால் வீட்டுக்கு நன்மை என்று சொல்ல முடியாது. அந்தப் பாக்டீரியாவை எடுத்துவிட்டால் பாசி நோகும் என்று யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா?

பாசிக்காரி | செவ்வாய், காலை 5:30

சரியான கேள்வி சார். எங்கள் துறையில் பல வருடம் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் என்ன என்று பட்டியல் போட்டுக்கொண்டே இருந்தோம். எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் அசல் சோதனை. கெல்ப் பெரிய உருவம். பத்து மீட்டர் உயிரைப் பாக்டீரியா இல்லாமல் வளர்ப்பது நடக்கிற காரியமா? அதனால் நல்ல சோதனைகள் கெல்ப்பின் சிறிய சொந்தக்காரர்களிடம் செய்தவை. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எக்டோகார்ப்பஸ் என்று நூல் போன்ற ஒரு பழுப்புப் பாசி. கெல்ப்புக்கு நெருங்கிய உறவு. அதில் ஒரு ரகம் நன்னீரிலும் வாழும். ரொஸ்கோஃபில் சைமன் டிட்டாமியின் குழு அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாக்டீரியாவைக் குறைத்தது. உப்புத் தண்ணீரில் பாசி பிழைத்தது. நன்னீருக்கு மாற்றியதும் வளர முடியவில்லை. பழைய பாக்டீரியாக்களைத் திருப்பிக் கொடுத்ததும் மீண்டும் வளர்ந்தது. 2016இல் வந்த ஆய்வு. பாசியின் சொந்தத் திறமை என்று எல்லோரும் நினைத்தது கூட்டாளிகளோடு சேர்ந்த திறமை.

பச்சைப் பாசி உல்வா தெரியும்தானே, ராமேஸ்வரம் பாறைகளில் கூட இலை இலையாக ஒட்டியிருக்கும். கெல்ப்புக்கு அது தூரத்துச் சொந்தம் கூட இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பாக்டீரியா இல்லாமல் வளர்த்தால் அதற்கு இலையே வராது. வடிவமில்லாத செல் குவியலாகக் கிடக்கும். சில பாக்டீரியாக்கள் சுரக்கும் தாலுசின் என்னும் பொருள் சேர்ந்தால்தான் ஒழுங்கான உருவம் வரும். அந்தப் பொருளை 2005இல் ஜப்பானியர்கள் பிரித்தெடுத்தார்கள். உல்வாவின் விதை போன்ற ஸ்போர்கள் நீந்திப்போய் எந்தப் பாறையில் ஒட்டுவது என்று முடிவு செய்வதிலும் பாக்டீரியாவுக்குப் பங்குண்டு. பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரசாயனத்தை உல்வா ஸ்போர் ஒட்டுக்கேட்டு அந்த இடத்தில் போய் இறங்குகிறது.

பி12 வைட்டமினும் இதில் வரும். பாக்டீரியாவும், ஆர்க்கியா என்னும் வேறொரு வகை நுண்ணுயிரும்தான் அதைத் தயாரிக்கும். 2005இல் கேம்பிரிட்ஜ் குழு 326 பாசி இனங்களின் தகவலைத் திரட்டியது. பாதிக்கு மேற்பட்டவை, அதாவது 171 இனங்கள், வெளியிலிருந்து பி12 கிடைத்தால்தான் வாழும்.

எறும்பு உதாரணம் எனக்குப் பிடித்திருக்கிறது சார். இந்த வீட்டில் சில எறும்புகள் சுவரும் கட்டுகின்றன.

சாலிஷ்கரை | செவ்வாய், இரவு 11:48

சியாட்டில் பக்கம் இருக்கிறேன். நுண்ணுயிர் படித்தவனில்லை, துடுப்புப் படகு ஓட்டுபவன். ஆனால் இங்கே கெல்ப் குறைவதைக் கண்ணால் பார்ப்பவன்.

எங்கள் ஊர்க் கெல்ப் நெரியோசிஸ்டிஸ். புல் கெல்ப் என்பார்கள். ஒரு ஸ்போரிலிருந்து முளைத்து ஒரே கோடையில் முப்பது மீட்டர் வரை ஏறி, பூசணி அளவு காற்றுப்பையை நீர்மட்டத்தில் மிதக்க விட்டு, குளிர்காலத்தில் செத்துப்போகும். அவ்வளவு அவசரமான வாழ்க்கை.

நான் படித்தவரை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஃபிஸ்டரும் ப்ரூக் வைகலும் வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு முனையிலுள்ள டடூஷ் தீவிலும், உள்ளே பியூஜெட் சவுண்ட் என்னும் உள்கடலின் தென்கோடியில் ஸ்குவாக்ஸின் தீவிலும் இந்தக் கெல்ப்பின் பாக்டீரியாவை ஒப்பிட்டார்கள். டடூஷில் காடு செழிப்பாக இருக்கிறது. ஸ்குவாக்ஸினில் தேய்ந்துகொண்டே வருகிறது. தேயும் இடத்தில் இலை மேல் இருந்த பாக்டீரியா வகைகளும் குறைவு. 2019இல் எழுதினார்கள்.

அப்புறம் டடூஷ் கெல்ப்பை வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் நிறமிட்டு நுண்ணோக்கியில் படம் பிடித்திருக்கிறார்கள், 2022இல் வெளிவந்தது. அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வண்ணம். இலையின் அடியில் அங்கொன்று இங்கொன்று. நுனிக்குப் போகப் போக நெருக்கம், அடுக்கடுக்காக ஒரு கம்பளம். பாசிக்காரி சொன்ன குழந்தையும் கிழவியும் அப்படியே தெரிகிறார்கள்.

அதே குழுவின் இன்னொரு கணக்கு: கெல்ப் தான் ஒளியில் சமைக்கும் கார்பனில் ஆறில் ஒரு பங்கு அளவை நீரில் கசியவிடுகிறது. அந்த இடத்துப் பாக்டீரியாவுக்கு அதுதான் பந்தி.

மண்டபத்தான் | புதன், காலை 6:05

எங்கள் பக்கம் கெல்ப் கிடையாது. தண்ணீர் சூடு. ஆனால் இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், நான் எழுத வேண்டியது இருக்கிறது என்று தோன்றியது.

மண்டபம், பாம்பன் பக்கம் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை எல்லாம் தானாக விளையும். எங்கள் ஊர்ப் பெண்கள் முங்கி எடுப்பார்கள். கட்டக்கோரையும் பழுப்புப் பாசிதான், ஆனால் கெல்ப் இல்லை. மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது கப்பாஃபைக்கஸ். ஊரில் பெப்சிப் பாசி என்பார்கள். அது சிவப்புப் பாசி. 2013, 2014 வாக்கில் கடல் சூடேறியபோது அது கூட்டம் கூட்டமாகச் செத்தது. எங்கள் வீட்டு மிதவைகளும் போயின. என் அம்மா அந்தக் காசை நம்பித்தான் தங்கச்சியின் கல்லூரிக்குக் கட்டணம் கட்டுவதாக இருந்தார்.

கிளை நுனி முதலில் வெளிறும். அப்புறம் ஐஸ் கட்டி மாதிரி வெள்ளையாகி, கையில் எடுத்தால் முறியும். ஐஸ் ஐஸ் நோய் என்றே அதற்குப் பெயர். பார்க்க வந்த ஒருவர் பாக்டீரியா என்றார். இன்னொருவர் சூடு என்றார். மூன்றாமவர் விதைப்பாசி, அதாவது நடுவதற்கு வெட்டும் துண்டு, பழசாகிவிட்டது என்றார். எங்களுக்கு இன்றுவரை ஒரே பதிலாகக் கிடைக்கவில்லை.

அக்கா, எது முதலில்? பாக்டீரியா வந்ததால் பாசி சாகிறதா, பாசி நோவதால் பாக்டீரியா வருகிறதா? இது எனக்குப் படிப்புக் கேள்வி இல்லை. அடுத்த பருவத்துக்கு விதை கட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி.

பாசிக்காரி | புதன், மாலை 4:25

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. பதிலை நிதானமாகவே சொல்கிறேன்.

உங்கள் பாசியையே முதலில் எடுத்துக்கொள்வோம். பிலிப்பைன்ஸின் லார்கோவும் மற்றவர்களும் 1995இல் வெளியிட்ட சோதனைகள் உண்டு. ஐஸ் ஐஸ் வந்த கிளைகளிலிருந்து விப்ரியோ வகையிலும் சைட்டோஃபேகா வகையிலும் பாக்டீரியாக்களை எடுத்து மீண்டும் பாசிக்கு ஏற்றினார்கள். உப்பு குறைந்தோ வெளிச்சம் கெட்டோ வாடிய கிளையில் அவை நோயை வேகப்படுத்தின. திடமான கிளையை அவ்வளவு சுலபமாக வீழ்த்தவில்லை. ஆக, உங்களைப் பார்க்க வந்த முதல் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி சரி. சூடு போன்ற நெருக்கடி கதவைத் திறக்கிறது, பாக்டீரியா உள்ளே வருகிறது.

சிட்னி கடலில் டெலிசியா புல்க்ரா என்னும் சிவப்புப் பாசியில் இதை இன்னும் தெளிவாகப் பார்த்தோம். அது ஃபுரானோன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும். அது பாக்டீரியாக்களைக் கொல்லாமல், அவற்றின் பேச்சைக் கலைத்துவிடும். ஒன்றோடொன்று பேச முடியாவிட்டால் கூட்டமாகச் சேர்ந்து தாக்க முடியாது. கோடையில் தண்ணீர் சூடேறினால் ஃபுரானோன் குறைகிறது, நாட்டெல்லா என்னும் பாக்டீரியா புகுந்து பாசி வெளுக்கிறது. அந்த நாட்டெல்லா மற்ற நாட்களில் எங்கேயோ தூரத்தில் இருந்ததில்லை. அதே இடத்தில், சாதுவாக இருந்தது.

இனி கெல்ப். ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரை முழுக்க எக்லோனியா ரேடியாட்டா என்னும் பொன்னிறக் கெல்ப் உண்டு. எஸேக்கியல் மார்ஸினெல்லியின் குழு கிழக்கிலிருந்து மேற்கு வரை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தில், நல்ல கெல்ப்பிலும் வெளிறி நொந்த கெல்ப்பிலும் பாக்டீரியாவை எடுத்து ஒப்பிட்டது. 2015இல் வந்த அதன் முடிவு என்னை இந்தத் துறைக்கே இழுத்தது. கண்டத்தின் இந்த முனையில் உள்ள நல்ல கெல்ப்பும் அந்த முனையில் உள்ள நல்ல கெல்ப்பும் பாக்டீரியாவில் ஒன்றையொன்று ஒத்திருந்தன. பக்கத்தில் நின்ற நொந்த கெல்ப்தான் வேறாக இருந்தது. ஊர் எது என்பதைவிட உடம்பு எப்படி இருக்கிறது என்பதே அதன் மேல் யார் இருப்பார்கள் என்பதைச் சொன்னது.

ஆனால் உங்கள் ‘எது முதலில்’ அதில் தீரவில்லை. 2019இல் ஸிகுவாங் ச்யூவும் மார்ஸினெல்லியும் மற்றவர்களும் தொட்டிகளில் எக்லோனியாவை வைத்து, வருங்காலக் கடல் போலச் சூட்டையும் அமிலத்தன்மையையும் கூட்டினார்கள். இலையில் கொப்புளங்கள் வந்தன, பாக்டீரியாக் கூட்டமும் மாறியது. இரண்டும் சேர்ந்தே நடந்தன. கெல்ப்பைப் பொறுத்தவரை இன்றைக்கு நாங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கூட்டம் மாறுவதும் உடம்பு நோவதும் கைகோத்து வருகின்றன. சில பாக்டீரியாக்கள் நோவை நோயாக்குகின்றன.

உங்கள் விதைக் கேள்விக்கு நான் கடலைப் பார்க்காமல் பதில் சொல்வது தப்பு. ஒன்று மட்டும் சொல்ல முடியும். நுனி வெளிறிய தாயிலிருந்து விதை வெட்டாதீர்கள். அந்தப் படலமும் விதையோடு சேர்ந்து வரும்.

மண்டபத்தான் | புதன், இரவு 7:50

நன்றி அக்கா. நாங்கள் வெளிறிய நுனியை மட்டும் கிள்ளிவிட்டு மீதியைக் கட்டுவதுதான் வழக்கம். அந்தப் பழக்கத்தை விடச் சொல்லி நாளைக்கே வீட்டில் பேசுகிறேன்.

சாலிஷ்கரை | வியாழன், காலை 7:15

பாக்டீரியா கெல்ப்பைத் தொடாமலே கெல்ப் காட்டை அழித்த கதையும் இருக்கிறது, இங்கே அதுதான் எல்லோருடைய வாயிலும்.

2013இல் அமெரிக்க மேற்குக் கரையில் கடல் நட்சத்திரங்கள் உருகி விழ ஆரம்பித்தன. கைகள் கழன்று, சளி போல ஆகிவிடும். பல நூறு கோடிகள் செத்தன. அதிகம் அடிபட்டது சூரியகாந்தி நட்சத்திரம், இருபத்துநாலு கை வரை இருக்கும், கடல் முள்ளெலிகளைத் தின்னும். அது போனதும், கெல்ப்பைத் தின்னும் முள்ளெலிகள் பெருகின. 2014இலிருந்து கடல் வெப்ப அலையும் சேர்ந்துகொண்டது. வடக்குக் கலிஃபோர்னியாவில் புல் கெல்ப் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. பாறை மேல் ஊதா முள்ளெலி மட்டும்.

நட்சத்திரங்களைக் கொன்றது எது என்று பத்து வருடத்துக்கு மேல் தேடினார்கள். ஒரு வைரஸ் மேல் சந்தேகம் இருந்தது. 2025 ஆகஸ்டில் பதில் வந்தது: விப்ரியோ பெக்டெனிசிடா என்னும் பாக்டீரியா. குமிழி சார் பயந்த அதே விப்ரியோ குடும்பம்.

குமிழி | வியாழன், மதியம் 1:10

பாருங்கள், விப்ரியோவை நான் சும்மா பயப்படவில்லை.

ஆனால் இந்த நாலு நாளில் என் மனம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பொரிப்பகத்தில் எல்லாவற்றையும் துடைத்துக் கழுவிய வாரங்களில்தான் விப்ரியோ வேகமாக ஏறியது என்பது இப்போது ஞாபகம் வருகிறது. காலி மனையில் முதலில் முளைப்பது களைதானே. அப்போது அதை யாரும் இப்படி யோசிக்கவில்லை, நானும்தான்.

புரோபயாடிக் என்று பொடி மூட்டைகளும் வாங்கிக் கொட்டியிருக்கிறோம். சில சமயம் பலன் தெரிந்தது. ஒரு விற்பனைக்காரர் கொடுத்த மூட்டையைச் சோதித்தபோது அதில் உயிரோடு ஒன்றுமே இல்லை. அதனால் கேட்கிறேன், கெல்ப்புக்கும் நல்ல பாக்டீரியாவைப் பூசிவிட முடியுமா?

புதியவன் | வியாழன், மதியம் 2:30

நானும் இதைத்தான் கேட்க வந்தேன். தயிர் உறை ஊற்றுகிற மாதிரி, நல்ல காட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து நாற்றுக்குக் கொடுத்தால் என்ன?

பாசிக்காரி | வெள்ளி, காலை 6:00

உறை ஊற்றுவது என்ற சொல் நன்றாக இருக்கிறது தம்பி, இனி நானும் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

டெலிசியாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். நல்ல பாசியிலிருந்தே பிரித்த ஃபேயோபாக்டர் வகைப் பாக்டீரியா ஒன்றை முன்கூட்டியே கொடுத்தபோது வெளுப்பு நோய் குறைந்தது. கெல்ப்பில் இன்னும் அந்த இடத்துக்கு நாங்கள் வரவில்லை. எந்தப் பாக்டீரியா, எந்த வயது நாற்றில், எவ்வளவு என்பதெல்லாம் ஆய்வுக்கூட மேசையில் இருக்கிறது.

ஆனால் காட்டைத் திரும்ப வளர்க்கும் வேலை காத்திருக்காது. நோர்வேயில் ஒரு முறை உண்டு. கெல்ப்பின் ஸ்போர்களைச் சிறு சரளைக்கல்லில் ஒட்ட வைத்து, ஆய்வகத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்த்து, படகிலிருந்து கடலில் கொட்டுவார்கள். பச்சைச் சரளை என்று பெயர். 2020இல் வெளியிட்டார்கள், மலிவு, முக்குளிப்பவர் தேவையில்லை. எனக்கு அந்த முறை பிடிக்கும். என் கவலை ஆய்வகத்தில் வளரும் அந்த வாரங்களைப் பற்றியது. வடிகட்டிய நீர், கழுவிய கல், சில கூடங்களில் ஆன்டிபயாடிக் கூட. தாய்க் கெல்ப்பின் தோலில் இருந்தவர்கள் அந்த நாற்றின் தோலில் இருப்பார்களா? நாற்றைக் கடலில் போட்ட முதல் நாள் அதன் மேல் யார் ஏறுவார்கள்? இவ்வளவு பாடுபட்டுக் காடு நடும்போது, நாற்று உயரத்தை அளப்பதோடு அதன் மேற்பரப்பையும் ஒரு பஞ்சால் துடைத்து எடுத்து வைக்க வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு துடைப்புக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். பத்து வருடம் கழித்து ஒரு காடு ஏன் நின்றது, ஒரு காடு ஏன் விழுந்தது என்று பார்க்கும்போது அந்தப் பஞ்சு நம் கையில் இருக்கும்.

சாலிஷ்கரை | வெள்ளி, காலை 7:45

கொசுறாக ஒன்று. கடற்பாசியைச் செரிக்கும் பாக்டீரியாவின் மரபணு மனிதக் குடலுக்குள்ளும் வந்திருக்கிறது. நோரி என்று சுஷியில் சுற்றும் சிவப்புப் பாசியின் சர்க்கரையை உடைக்கும் நொதி, கடல் பாக்டீரியாவிலிருந்து ஜப்பானியர்களின் குடல் பாக்டீரியாவுக்குத் தாவியிருப்பதை 2010இல் ரொஸ்கோஃப் குழு காட்டியது. கழுவாமல் சாப்பிட்ட பாசியில் ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

வடகடல்வாசி | ஞாயிறு, மாலை 5:30

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். குழந்தையும் கிழவியும் அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. மண்டபத்தான் தம்பியின் பதிவை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.

நேற்றுத் திரும்பவும் கரைக்குப் போனோம். அலை இப்போதுதான் ஒதுக்கிய ஒரு கெல்ப்பைத் தேடி எடுத்தோம், பழைய இலை இன்னும் கழன்றிருக்கவில்லை. புது இலையின் அடி, புது இலையின் நுனி, பழைய இலை என்று மூன்று இடத்தில் பஞ்சால் துடைத்து மூன்று கண்ணாடித் தகட்டில் தேய்த்தோம். அவளுடைய பாடசாலை நுண்ணோக்கி நானூறு மடங்குதான் பெருக்கும். அடியில் எடுத்ததில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நுனியில் புள்ளிகள். பழைய இலையில் படகு போன்ற டயாட்டம்கள், நூல்கள், அவற்றுக்கு இடையில் எண்ண முடியாத அளவு புள்ளிகள். எது பாக்டீரியா, எது தூசி என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளை வலையை லென்ஸில் பார்த்தோம், பாசிக்காரி தங்கச்சி சொன்னபடி ஒவ்வொரு கண்ணியும் ஒரு வீடு.

மூன்று தகட்டுக்கும் பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். பஞ்சுகளைக் குளிர்பெட்டியின் உறைநிலைத் தட்டில் போட்டுவிட்டாள், மீனுக்குப் பக்கத்தில். செப்டம்பரில் திரும்பவும் போய் அதே மூன்று இடத்தில் எடுக்க வேண்டுமாம், பாதி பிளாங்க்டோமைசீட்ஸ் என்று நீங்கள் சொன்ன மாதம் அதுதானாம். தங்கச்சி, அந்தப் பஞ்சை எப்படிப் பத்திரப்படுத்தினால் நல்லது என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

பாசிக்காரி | திங்கள், காலை 5:05

வீட்டு உறைபெட்டி போதும் அண்ணா, சுத்தமான சின்னக் குப்பியில் இறுக்கி மூடி வையுங்கள். குப்பி மேல் ஒட்டிய தாளில் தேதி, இடம், இலையின் எந்தப் பகுதி, தண்ணீரின் வெப்பநிலை நான்கையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். மை அழிந்துவிடும்.